நான் செத்த நாடகங்கள்

எங்க ஊர் நாடக மன்றத்துக்கு இது இருபத்தஞ்சாவது வருஷம். விழா மலர் போடப் போறோம், இதுவரைக்கும் போட்ட நாடகத்தை எல்லாம் வரிசையா நீதான் எழுதித் தரணும்னு கமிட்டிக்காரங்க நாலு பேரு என் தையக்கடையில வந்து நின்னாங்க. "ஏன், வேற ஆளே கெடைக்கலையா?"ன்னு கேட்டேன். "எல்லா நாடகத்துலயும் இருந்த ஆளு நீ ஒருத்தன்தானப்பா"ன்னாங்க. வாஸ்தவம்தான். முதல் ரெண்டைத் தவிர எல்லாத்துலயும் இருந்தேன். ஆனா கடைசி வரைக்கும் இருந்ததில்ல. எடவேளைக்கு முன்னாடியோ பின்னாடியோ செத்துப் போயிருவேன். அதனால நான் எழுதினா பாதி பாதிக் கதைதான் வரும், மீதியைப் பாத்தவங்ககிட்ட கேட்டுக்கங்கன்னு சொன்னேன். சிரிச்சாங்க. நான் சிரிப்புக்குச் சொல்லல.

ஒரே ஒரு வருஷம் மட்டும் கடைசி சீன் வரைக்கும் உசுரோட இருந்தேன். அந்த வருஷம்தான் என் தங்கச்சி என்கிட்டப் பேச்சை நிறுத்துனா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, அஞ்சு வருஷம். மலருக்கு இதெல்லாம் எதுக்குன்னு கமிட்டி கேக்கும். கேக்கட்டும். எனக்கு அதை விட்டுட்டு எழுத வரல.

உச்சிப்புளியில பஸ்ஸை விட்டு எறங்கித் தெக்க கடலைப் பாக்க நடந்தா எங்க ஊரு. ஆம்பளைங்க முக்காவாசிப் பேரு மண்டபத்துல விசைப்படகுல தொழிலுக்குப் போறவங்க. சித்திரை பொறந்ததும் தடைக்காலம் வந்துரும். மீனு குஞ்சு பொரிக்கிற காலம், ரெண்டு மாசத்துக்கு எந்தப் படகும் கடலுக்குப் போகக் கூடாதுன்னு அரசாங்க உத்தரவு. படகெல்லாம் கட்டிக் கெடக்கும். ஆம்பளைங்க எல்லாம் வீட்டுல கெடப்பாங்க. ரெண்டு மாசம் ஆம்பளைங்க வீட்டுல கெடந்தா என்ன ஆகும்னு பொம்பளைங்களுக்குத்தான் தெரியும். கொழம்புல உப்புப் பாக்குறது, பானையை எடுத்து எடுத்து வைக்கிறது, அடுத்த வீட்டு ஓட்டைக் கொற சொல்றது. ஐஸ் கம்பெனி மேனேஜரு ஒருத்தரு, எழுத்துல ஆசை உள்ளவரு, தடைக்காலத்துல நாடகம் போடலாமான்னு ஊருல கேட்டப்ப முதல்ல கையைத் தூக்குனது பொம்பளைங்கதான். தெனமும் மத்தியானம் மூணு மணிக்கு, வலை பின்னுற வலைக்கூடத்துல ஒத்திகை. வீடு நிம்மதியா இருந்துச்சு.

முதல் நாடகத்துலயே பிரச்சினை வந்துருச்சு. மேனேஜரு எழுதுனது ஒரு ராசா கதை. ராசா போருல வீரமரணம் அடையணும். ராசா வேஷம் கட்டுனது ஒரு படகு டிரைவரு. ஒத்திகை நடந்துக்கிட்டு இருக்கும்போது அவரு பொஞ்சாதி வலைக்கூடத்துக்கு வந்து, "எங்க வீட்டு ஆளு கடைசியில பொழைக்கிறாரா, இல்லையா?"ன்னு கேட்டுச்சு. மேனேஜரு, "வீரமரணம்மா, பேரு நெலைக்கும்"னாரு. "பேரு நெலைச்சு என்ன செய்ய? கடலுக்குப் போற ஆளு மேடையில சாகப்படாது. வேஷத்தைக் கழட்டு"ன்னு சொல்லிருச்சு. யாரு வச்ச சட்டம், எப்ப வச்ச சட்டம்னு மேனேஜரு கேட்டுப் பாத்தாரு. அதெல்லாம் கேக்கப்படாதுன்னாங்க. ஊரே அந்தப் பொம்பளை பக்கம் நின்னுருச்சு. கடைசியில ராசா போருல காயம்பட்டு, மனசு வெறுத்து, ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தயாத்திரை போனதா மாத்திட்டாரு. வரலாறு தெரிஞ்ச பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தரு எந்திரிச்சு நடுவுலயே வீட்டுக்குப் போயிட்டாரு.

மேனேஜருக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது செத்தாத்தான் அவருக்குக் கதை ஓடும். அப்ப கடலுக்குப் போகாத ஆளு வேணும். ஊருல தேடுனா ரேசன் கடைக்காரரு இருந்தாரு. அவரு ஒரு தடவை செத்தாரு, மறு வருஷம் பரமக்குடிக்கு மாத்தலாகிப் போயிட்டாரு. மைக்செட் போட வர்ற பெரியபட்டினத்து பாயைக் கேட்டோம். "நான் மைக்கைக் குடுக்குறவன்ப்பா, வாங்குறவன் இல்ல"ன்னுட்டாரு. அதுக்கப்புறம் மிச்சம் இருந்தது நான்தான்.

நான் ஏன் கடலுக்குப் போகலன்னா, எனக்குக் கடல் ஒத்துக்காது. பதினேழு வயசுல அய்யா கூட்டிக்கிட்டுப் போனாரு. கரை கண்ணுக்குத் தெரியும்போதே கொடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. மூணு தடவை பாத்தாரு. நாலாவது தடவை உச்சிப்புளியில ஒரு தையக்கடையில கொண்டு போய் விட்டுட்டு வந்துட்டாரு. எங்க ஊருல கடலுக்குப் போகாத ஆம்பளைன்னா ஒரு எளக்காரம் இருக்கத்தான் செய்யும். நாடகம் வந்த பெறகு அந்த எளக்காரம் போயிருச்சு. "அவன் இல்லாட்டி யாருப்பா சாகுறது?"ன்னு பேச ஆரம்பிச்சாங்க. அதை மரியாதைன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.

சரி, வரிசைக்கு வாரேன். "இளைய மருமகன்" நாடகத்துல பாலுல வெசம். "பாம்பன் பாலத்தில் ஒரு பழி"யில ரயிலுக்கு முன்னாடி விழுந்தேன். ரயிலைக் காட்ட முடியாதுங்கிறதால பாய் மைக்ல வாயாலயே கூவுனாரு. "நங்கூரம் கேட்ட நீதி"யில என்னைக் கத்தியால குத்துனது என் பால்ய சிநேகிதன், உண்மையிலேயே ரெண்டு தையல் போட்டாங்க. "உப்பளத்து ராணி"யில இடி விழுந்து செத்தேன். கதையை எப்படி முடிக்கிறதுன்னு மேனேஜருக்குத் தெரியல, அதான் இடி. ஒரு வருஷம் காரணமே சொல்லல. "ஏங்க, நான் எதனால சாகுறேன்?"ன்னு கேட்டேன். "மனக்கவலை"ன்னாரு. ஒரு வருஷம் சிரிப்பு நாடகம், யாரும் சாக வேண்டியதில்லைன்னு சொன்னாங்க, சந்தோசமாப் போனேன். போனா செவுத்துல மாட்டியிருக்கிற போட்டோவுல நான். நாடகம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே செத்திருக்கேன்.

இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்ல. வயித்தெரிச்சல் எல்லாம் வேற ஒண்ணுல. நாடகம் முடிஞ்சதும் எல்லாரும் மேடையில வரிசையா நின்னு கும்பிடுவாங்கள்ல, அப்ப உச்சிப்புளி ஸ்டூடியோக்காரரு ஒரு போட்டோ எடுப்பாரு. அந்தப் போட்டோ மன்றத்துச் செவுத்துல ஏறும். அந்த வரிசையில செத்தவன் வந்து நிக்கக் கூடாதுன்னு மேனேஜரு சட்டம் போட்டுட்டாரு. "செத்தவன் சிரிச்சுக்கிட்டு வந்து நின்னா, பாத்தவன் அழுத அழுகைக்கு என்னலே மரியாதை?"ம்பாரு. அதனால நான் பொழைச்ச அந்த ஒரு வருஷம் வரைக்கும் மன்றத்துச் செவுத்துல ஒரு போட்டோவுலயும் நான் இல்ல. வெளியூர்க்காரன் வந்து பாத்தா, இந்த ஊருல நாடகம் நடிச்சவங்கள்ல நான் ஒரு ஆளே கெடையாது. என் பொஞ்சாதியும் சும்மா இருக்க மாட்டா. விருந்தாளி வந்தா, "அந்தா அந்தப் படுதாவுக்குப் பின்னாடிதான் எங்க வீட்டுக்காரர் இருக்காரு"ன்னு போட்டோவைக் காட்டுவா.

என் தங்கச்சி வீட்டுக்காரனைப் பத்தி இப்பச் சொல்லணும். என்னைவிட ஆறு வயசு எளையவன். மண்டபத்துல விசைப்படகுல டிரைவரு. நான் மாப்ளன்னு கூப்பிடுவேன், அவன் மச்சான்னு கூப்பிடுவான். ஒட்டுன செவுரு, பக்கத்துப் பக்கத்து வீடு. ஆளு நல்ல ஒசரம், நல்ல கொரலு, ஊருல எல்லா நாடகத்துக்கும் அவன்தான் கதாநாயகன். கதாநாயகன் எப்படியும் பொழைச்சுருவான். அவன் கும்பிட்டுக்கிட்டு நிக்கிற போட்டோ செவுத்துல பதினாலு இருந்துச்சு. நான் ஒரு நாளு அவனுக்குச் சட்டைக்கு அளவெடுக்கும்போது வாய் விட்டுட்டேன். "மாப்ள, ஒரே ஒரு தடவை அந்தப் போட்டோவுல நிக்கணும்டா. எனக்கும் அம்பது நெருங்குது." அவன் கையை அகட்டி வச்சுக்கிட்டே சிரிச்சான். "இவ்வளவுதான மச்சான்? இந்த வருஷம் நான் சாகுறேன், நீ பொழைச்சுக்க"ன்னான்.

ஊரு விடுமா? வலைக்கூடத்துல பஞ்சாயத்தே நடந்துச்சு. அங்கனதான் அவன் ஒரு நியாயம் பேசுனான். "கடலுக்குப் போற ஆளுதான சாகப்படாது? இப்பத் தடைக்காலம். படகு கட்டிக் கெடக்கு. நாம கடலுக்குப் போனா போலீசு புடிக்கும். அப்ப இந்த ரெண்டு மாசத்துக்கு நான் கடலுக்குப் போற ஆளே கெடையாது. நானும் மச்சானும் ஒண்ணு. கரைக்காரன்!" கேட்டதும் எல்லாரும் ஒரு நிமிசம் யோசிச்சாங்க. அரசாங்கமே சொல்லுதே, அப்பச் சரிதான்னு ஒருத்தரு சொன்னாரு. ஒருத்தர் சொன்னதும் இன்னொருத்தர் சொன்னாரு. சட்டப்படி சரின்னு முடிவாச்சு. எங்க ஊருல இருக்கிற அத்தனை மூளையும் சேந்து எடுத்த முடிவு அது. எனக்கும் மூளை இருந்துச்சு. நானும் தலையை ஆட்டுனேன்.

தங்கச்சி மட்டும் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்தா. "அண்ணே, இது நல்லதுக்கா? வேணாமேண்ணே"ன்னா. "ஏய் போடி, நாடகம்டி"ன்னேன். முருங்கைக்கீரை கொண்டு வந்திருந்தா, அதை எங்க வீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டுப் போயிட்டா.

அந்த நாடகத்துல நான் அண்ணன், அவன் தம்பி. சண்டையில தம்பிக்கு வெட்டு விழுந்துரும். அவன் தலையை மடியில தூக்கி வச்சுக்கிட்டு நான் ஒண்ணரைப் பக்கம் வசனம் பேசணும். அவன் செத்த சாவு இருக்கே, நான் இத்தனை வருஷம் செத்ததெல்லாம் ஒரு சாவே இல்லைன்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். நான் நெஞ்சுல அடிச்சு அழுது பேசிக்கிட்டு இருக்கேன், இவன் ஒதட்டை அசைக்காம, "மச்சான், வசனத்தை வெரசா முடி, முதுகுல ஆணி குத்துது"ங்கிறான். தங்கச்சி முன்வரிசையில உக்காந்திருந்தா. அவ மூஞ்சியை நான் பாக்கல. என் நெனப்பெல்லாம் போட்டோவுல இருந்துச்சு. கடைசியில வரிசையில நடு ஆளா நின்னு கும்பிட்டேன். பல்லெல்லாம் தெரியுற மாதிரி ஒரு சிரிப்பு. அந்தப் போட்டோவுல ஒரு பிரதி வாங்கி, சட்டம் போட்டு, என் கடையில மெசினுக்கு மேல மாட்டுனேன்.

தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் போச்சு. ஆடி, ஆவணி, பொரட்டாசி போச்சு. ஐப்பசியில ஒரு நாளு காத்து மாறிருச்சு. அவன் ஓட்டிக்கிட்டுப் போன படகுல அடிப்பலகை விட்டுருச்சு. கூடப் போன படகு நாலு பேரைத் தூக்குச்சு. அஞ்சாவது ஆளு அவன். எட்டு நாளு தேடுனாங்க. நேவிக்காரங்க தேடுனாங்க, ஊர்ப் படகெல்லாம் சேந்து தேடுச்சு. கெடைக்கல. உடம்பு இல்லாததால அவன் சட்டையை வச்சுக் காரியம் செஞ்சோம். சட்டை நான் தச்சது. காலர் கொஞ்சம் கோணல், போடும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவான். அந்தச் சட்டையைத்தான் எடுத்து வச்சாங்க.

காரியம் முடிஞ்ச மறுநாளு தங்கச்சி என் கடைக்கு வந்தா. உக்காரும்மான்னேன், உக்காரல. மெசினுக்கு மேல இருந்த போட்டோவைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னா. "நல்லா விழுந்திருக்கண்ணே"ன்னா. போயிட்டா. அதுதான் அவ என்கிட்டப் பேசுன கடைசிப் பேச்சு. அவ தெருவைத் தாண்டுறதுக்குள்ள போட்டோவைக் கழட்டித் துணி மூட்டைக்கு அடியில போட்டேன். அதை வச்சு என்ன ஆகப் போகுது?

ஊருல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. சட்டப்படி சரின்னு சொன்ன அதே ஆளுங்க, "கடல்கிட்ட போய்ச் சட்டம் பேசுனா?"ன்னு பேச ஆரம்பிச்சாங்க. எனக்கு அந்தச் சாங்கியத்துல நம்பிக்கை கெடையாது. பழைய படகு, நைஞ்ச பலகை, அடிச்சது காத்து. வெவரம் தெரிஞ்ச எவனும் இதைத்தான் சொல்லுவான். ஆனா நம்பிக்கை இல்லைன்னு தெருவுல நின்னு சத்தமாச் சொல்லு பாப்போம்னா, அதுக்கும் எனக்குத் தைரியம் இல்ல. போட்டோவுல நிக்கணும்னு ஆசைப்பட்டது நான். வேணாம்ணேன்னு சொன்னவளைப் போடின்னு சொன்னதும் நான்.

ஒட்டுன செவுத்துல இருந்துக்கிட்டு பேசாம இருக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. தெருக்கொழாயில தண்ணி வந்தா அவளுக்குத்தான் முதல்ல தெரியும். எங்க வீட்டுக்குச் சொல்லணுமே. கோழியைப் பாத்துச் சொல்லுவா. "ஏ கோழி, தண்ணி வந்துருச்சு, வேணுங்கிறவங்க புடிச்சுக்கங்க"ன்னு சத்தமா. நான் கொடத்தை எடுத்துக்கிட்டுப் போவேன். என் பொஞ்சாதிகிட்ட நல்லாப் பேசுவா. அவ மக ராமநாதபுரத்துல நர்சிங் படிக்கிற பிள்ளை, மாமா மாமான்னு என்கிட்ட உசுரா இருக்கும். எனக்கு மட்டும் வாயில்ல. ரவிக்கைத் துணியை உச்சிப்புளியில ஒரு கடையில குடுத்துத் தச்சுக்கிட்டா. அந்தக் கடைக்காரன் தைக்கிற லட்சணம், தோள்பட்டை தூக்கிக்கிட்டு நிக்கும். அஞ்சு வருஷமா என் கண்ணு முன்னாடி அந்தத் தோள்பட்டை அங்கிட்டும் இங்கிட்டும் போய்க்கிட்டு இருந்துச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தத் தையக்காரனைப் போய் அடிச்சிருப்பேன்.

நடுவுல எனக்கு ஒரு நெஞ்சுவலி வந்து, மதுரைக்குக் கொண்டு போய் ரத்தக்கொழாய்க்குள்ள ஸ்டென்ட்னு ஒண்ணு வச்சு விட்டாங்க. ரெண்டு நாளு ஆஸ்பத்திரி வாசல்ல வேப்பமரத்தடியில தங்கச்சி உக்காந்திருந்தாளாம். எங்க வீட்டுக்காரி பின்னாடிதான் சொன்னா. "உள்ள வாடின்னு எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா, வரமாட்டேன்னுட்டா. டாக்டர் என்ன சொன்னாருன்னு மட்டும் கேட்டுக்கிட்டா"ன்னா. அன்னைக்குக் கட்டில்ல படுத்துக்கிட்டு நான் அழுதேன். நர்சு வந்து வலிக்குதான்னு கேட்டுச்சு. ஆமான்னு சொன்னேன்.

நாடகம் நின்னு போயிருந்துச்சு. முதல்ல கொரோனா, அப்புறம் யாருக்கும் மனசு வரல. போன வருஷம் தடைக்காலத்துல மேனேஜர் என் கடைக்கு வந்தாரு. அவருக்கும் வயசாயிருச்சு, ஆனா வியாதி போகல. "பெரிய வீட்டுப் பாயசம்"னு ஒண்ணு எழுதியிருக்கேன், தம்பிக்கு வச்ச வெசத்தை அண்ணன் தெரிஞ்சே குடிக்கிறான், நீ செத்தாத்தான்லே கதை நகரும்னாரு. முடியாதுன்னேன். என் சோலியை நான் பாக்குறேன், உங்க சோலியை நீங்க பாருங்கன்னேன். வீட்டுக்காரியும், "ஸ்டென்ட் வச்ச ஆளைச் சாகச் சொல்றாரே, இவருக்குக் கூறு இருக்கா?"ன்னு வஞ்சா. மேனேஜர் நோட்டை மெசின்மேல வச்சுட்டுப் போயிட்டாரு.

ராத்திரிச் சோத்துக்கு முன்னாடி அந்த நோட்டைப் படிச்சேன். படிச்சுட்டு ஒத்துக்கிட்டேன். ஏன் ஒத்துக்கிட்டேன்னா, ஒரு நப்பாசை. என் சாவை அவன்கிட்டக் குடுத்ததுதான தப்பு? அதை நானே திரும்ப வாங்கிக்கிட்டா, எல்லாம் பழையபடி ஆகாட்டியும், அவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசுவாளோன்னு. கூறு கெட்ட யோசனைதான். அம்பத்தஞ்சு வயசு ஆளு யோசிக்கிற யோசனையா இது? ஆனா வேற யோசனை எதுவும் என்கிட்ட இல்ல. அண்ணன்காரன் சாகுற கதைன்னு தங்கச்சி மககிட்டச் சொல்லி விட்டேன். "உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வா தாயி"ன்னேன். "அம்மா வராது மாமா"ன்னுச்சு. "கேட்டுப் பாரு"ன்னேன்.

பள்ளிக்கூடத்து மைதானத்துல மேடை போட்டோம். பத்து மணிக்குள்ள முடிச்சுருவோம்னு ஸ்டேசன்ல எழுதிக் குடுத்திருந்ததால பொழுது சாயுறதுக்குள்ளயே ஆரம்பிச்சாச்சு. எனக்குப் பொஞ்சாதியா நடிக்க மதுரையில இருந்து ஒரு அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. நல்ல தொழில்காரம்மா, வசனத்தை ஒரே நாளுல மனப்பாடம் பண்ணிருச்சு. படுதா ஓட்டை வழியா நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டாவது சீன் ஆரம்பிக்கும்போது தங்கச்சி வந்தா. மக கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. முன்வரிசையில பாயில உக்காந்தா. அதே தூக்குன தோள்பட்டை ரவிக்கை. எனக்கு வசனம் ரெண்டு எடத்துல தடுமாறிருச்சு, படுதாவுக்குப் பின்னாடி நோட்டு வச்சிருந்த மேனேஜரு எடுத்துக் குடுத்தாரு.

பாயச சீன் வந்துச்சு. தம்பிக்கு வச்ச டம்ளரை நான் எடுத்து, ஒரு பக்க வசனம் பேசிட்டு, குடிச்சேன். உண்மையிலேயே பாயசம்தான் வச்சிருந்தாங்க, சேமியா. குடிச்சுட்டு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு தள்ளாடி, மேடை நடுவுல விழுந்து, கண்ணை மூடிட்டேன். மதுரைக்காரம்மா ஓடி வந்து என்மேல விழுந்து அழ ஆரம்பிச்சுச்சு. அது அழுற அழுகையில எனக்கே பாவமா இருந்துச்சு. அப்பக் கீழ இருந்து ஒரு கொரலு, "அண்ணே"ன்னு கேட்டுச்சு.

மதுரைக்காரம்மா அழுகையை விடல. கூட்டத்துல நாடகம்னு நெனச்சு உச்சுக் கொட்டுனாங்க. "அண்ணே, எந்திரி." இந்தத் தடவை எல்லாரும் திரும்பிட்டாங்கன்னு சத்தத்துலயே தெரிஞ்சுச்சு. படுதாவுக்குப் பின்னாடி இருந்து மேனேஜரு, "ஏலே, அசையாத, அசையாத"ங்கிறாரு. நான் கண்ணைத் தொறக்கல. தொறந்தா அந்தச் சத்தம் நின்னு போயிருமோன்னு பயம். "எந்திரிண்ணே! போதும்ணே, எந்திரி! ஐயோ எந்திரியேன்!" அலறுனா. என் அம்மா செத்தப்பக் கூட அவ அப்படி அலறி நான் கேட்டதில்ல. நான் எந்திரிச்சுட்டேன்.

மதுரைக்காரம்மா, "ஆத்தாடி!"ன்னு ஒரு அடி பின்னால போச்சு. மேனேஜரு நோட்டைத் தூக்கிக் கீழ அடிச்சாரு. மைக்செட் பாய் என்ன செய்யுறதுன்னு தெரியாம ஒரு கல்யாணப் பாட்டைப் போட்டு விட்டாரு. நான் மேடையை விட்டுக் குதிச்சு எறங்கி அவகிட்டப் போனேன். அவ என் மணிக்கட்டைப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துக்கிட்டு பள்ளிக்கூடத்துச் செவுத்துக்குப் பின்னாடி போனா. என் மோவாயில பாயசம் ஒட்டியிருந்துச்சு, முந்தானையால அழுத்தித் தொடைச்சா.

"நான்தாம்மா தப்புப் பண்ணிட்டேன்"னேன். அஞ்சு வருஷமா இதைச் சொல்லத்தான் மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்தேன். "என் சாவை அவன் தலையில கட்டிட்டேன். நீ என்னை வஞ்சிரு, அடிச்சிரு. பேசாம மட்டும் இருக்காத."

அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்தா. "உன்னை யாரு குத்தம் சொன்னா?"ன்னா. "உன் மேல எனக்கென்ன கோவம்? உன்கிட்ட பேசுனா இதைச் சொல்ல வேண்டி வரும்னுதான் நான் வாயைத் தொறக்கல."

"எதை?"

"அன்னைக்கு அவரு மேடையில படுத்துக் கெடந்தாருல்ல, அப்பவே எனக்குக் கத்தணும்னு வந்துச்சுண்ணே. எந்திரிங்கன்னு. தொண்டை வரைக்கும் வந்துருச்சு. ஊரே உக்காந்திருக்கு, சிரிப்பாங்கன்னு வெக்கப்பட்டுப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன். கத்தியிருந்தா எந்திரிச்சிருப்பாருல்ல?"

பலகை, காத்துன்னு சொல்ல வாயெடுத்தேன், வரல. "அவன் வெளையாட்டுக்குப் படுத்திருந்தான் தாயி"ன்னேன். "நீ கத்தியிருந்தா எந்திரிச்சு, நாடகத்தைக் கெடுத்துட்டியேடின்னு உன்னைத்தான் வஞ்சிருப்பான்."

"வையட்டுமே"ன்னா. "எந்திரிச்சு வையட்டுமேண்ணே."

சொல்லிட்டு அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. நானும் பக்கத்துல உக்காந்தேன்.